ரகரம் ஆற்றோடு போன வருஷம்

அந்த வருஷம் ஆற்றில் புதுத்தண்ணீர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், நாற்றுக்கு விதை ஊறப்போட்டிருந்த சமயத்தில், பான் ராய் என்ற ஊரைவிட்டு ரகர ஒலி கிளம்பிப் போனது. யாரும் அதைத் துரத்தவில்லை, யாரோடும் அதற்குச் சண்டையும் இல்லை. காலையில் ஆற்றங்கரையில் கீரை அலசிக்கொண்டிருந்த பெண்கள், மூங்கில் புதருக்குள் ஏதோ உருண்டு உருண்டு வருகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டுக் கூடைகளை நகர்த்தி வழிவிட்டார்கள். அது அவர்களைத் தாண்டி மணலில் இறங்கி, தண்ணீருக்குள் போய், நீரோட்டத்தோடு தெற்கே போய்விட்டது. ஊர் நாய்கள் தண்ணீர் விளிம்புவரை கூடப் போய்விட்டுத் திரும்பி வந்து படுத்துக்கொண்டன. பெண்கள் கீரையை அலசி முடித்துக்கொண்டு, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல வாயைத் திறந்தபோதுதான் போனது எது என்று தெரிந்தது.

ஏனென்றால் அவர்கள் மொழியில் வீட்டுக்கு ரூவன் என்று பெயர். அன்றைக்கு எல்லார் வாயிலும் அது ஹூவன் என்று வந்தது. படகு ருவாவாக இருந்தது, ஹுவா ஆனது. நாம் என்பதற்கு ராவ் என்பார்கள், அது ஹாவ் ஆனது. அறிவதும் அன்பு செய்வதும் அழைப்பதும் எல்லாம் அந்த எழுத்தில்தான் தொடங்கின. அத்தனைக்கும் முன்னால் இப்போது, மேடேறி வந்தவன் விடுகிற மூச்சு மாதிரி ஒரு ஹகரம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஊரின் பெயரே பான் ஹாய் ஆகிவிட்டது.

அந்த மக்கள் தங்களைத் தை என்று சொல்லிக்கொள்கிறவர்கள். சீனத்து மலையடிவாரம் தொடங்கி சயாமின் கடற்கரைவரைக்கும் அவர்களுடைய பங்காளிகள் பரந்து கிடக்கிறார்கள், எல்லாரும் ஒரே மொழியைத்தான் ஆற்றுக்கு ஆறு வேறு மாதிரி பேசுகிறார்கள். அதனால் ஓர் ஒலி போய்விட்டது என்பதற்காக யாரும் மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. ஊர்த் தலைவர் பெங், பல் போன வாயால் புகையிலையைக் குதப்பிக்கொண்டு, இதெல்லாம் நடக்கிறதுதான் என்று சொன்னார். மீனுக்கு ஒரு காலத்தில் ப்லா என்று பெயர் இருந்ததாம், பாட்டன்மார் காலத்தில் நடுவில் இருந்த லகரம் ஒரு மழைநாளில் இறங்கிப் போய், மீன் வெறும் பா ஆனதாம். அதற்காக மீன் வலைக்கு வராமல் நின்றதா, இல்லை குழம்பில்தான் ருசி குறைந்ததா என்று கேட்டார். மேல்கரை ஊர்களில் ரகரம் இன்னும் இருக்கிறது, மலைக்கு அந்தப்பக்கம் அது போன இடத்தில் லகரம் வந்திருக்கிறது, நமக்கு வாய்த்தது மூச்சு, மூச்சாவது மிச்சம் இருக்கிறதே என்று சந்தோஷப்படுங்கள் என்றார். அவர் சொன்னது எல்லாருக்கும் நியாயமாகத்தான் பட்டது.

மனிதர்களுக்கு அது சுலபமாக இருந்தது. பொருள்களுக்குத்தான் புரியவில்லை. ஹுவா என்று கூப்பிட்டால் படகுகள் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா கிடந்தன. தள்ளிவிட்டால் நடு ஆற்றில் போய், எங்கே போவது என்று தெரியாத விருந்தாளியைப்போல ஒரே இடத்தில் சுற்றின. வீடுகள் வெளியே போனவர்களை அடையாளம் தெரியாமல் கதவை இறுக்கிக்கொண்டன. ஒருத்தி தன் சொந்த வீட்டுக்குள் நுழைய முடியாமல் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் பொழுதைக் கழித்தாள், அவள் புருஷன் உள்ளேயிருந்து வெளியே வர முடியாமல் ஜன்னல் வழியே அவளோடு பேசிக்கொண்டிருந்தான், கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு பேசியதில்லை என்று அவள் பிறகு சொன்னாள். இப்படியே விட்டால் நடவு நின்றுபோகும் என்று, தலைவர் பெங் ஒரு திருநாளுக்கு நாள் குறித்தார். அன்றைக்கு ஒவ்வொருவரும் தங்களுக்குச் சொந்தமான ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, அரிசிச் சாராயம் தெளித்து, இனிமேல் உன் பெயர் இது என்று மரியாதையாகச் சொல்லிவிட வேண்டும்.

இதில் வசமாக மாட்டிக்கொண்டவன் சேவுகன்.

சேவுகன் தை இல்லை. முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து மலாயாவுக்கு ரப்பர் வெட்டப் போன குடும்பம். யுத்தத்தின்போது சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போன கூட்டத்தில் அவனும் ஒருவன். கூட வந்தவர்கள் எல்லாரும் வாந்திபேதியில் பாதை ஓரத்திலேயே போய்ச் சேர்ந்த பிறகு, காட்டுக்குள் இறங்கி, ஊர் ஊராக வடக்கே தள்ளிக்கொண்டே போய், எலும்பும் தோலுமாக பான் ராயின் படகுத்துறையில் வந்து விழுந்தான். தூக்கிக்கொண்டு போய்க் கஞ்சி ஊற்றினார்கள். ஊற்றியவளின் பெயர் புவா. அவளையே கட்டிக்கொண்டான். அன்றிலிருந்து ஊரே அவனை மாப்பிள்ளை என்று அழைத்தது. வாய் நிறைய, பாசமாகத்தான் அழைத்தார்கள், ஆனால் எத்தனை வருஷம் போனாலும் மாப்பிள்ளை மாப்பிள்ளைதான், ஊர்க்காரன் ஆக முடியாது. அந்த வார்த்தையைக் கேட்கிறபோதெல்லாம் நெஞ்சில் ஒரு சின்ன முள் தைத்துவிட்டுப் போகும். அவன் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. தமிழை எருமைகளிடம் மட்டும் பேசினான், எருமைகளும் அதற்குத்தான் கட்டுப்பட்டன. ஊர் பேசியது தை மொழிதான் என்றாலும், இத்தனை வருஷத்தில் அது அவன் காதில் விழுகிறபோது ராமநாதபுரத்துப் பேச்சாகவே விழுந்தது. நாமும் அப்படியே கேட்டுக்கொள்வோம்.

ரகரம் போன அன்று காலையில் சேவுகன் துறைக்குப் போய், பழக்க தோஷத்தில் ருவா என்றான். அவன் படகு மட்டும் கட்டை அவிழ்த்த கன்றாகக் கிட்டே வந்து நின்றது. மற்றவர்கள் படகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஊரைவிட்டே போன ஒலி அவன் நாக்கில் அப்படியே இருந்தது. அது அவனுக்கு அம்மாவிடமிருந்து வந்தது, இந்த ஆற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அதனால் இந்த ஆற்றோடு அது போகவில்லை. மற்றவன் என்றால் பெருமைப்பட்டிருப்பான். சேவுகன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் படகைக் காலால் எட்டித் தள்ளி, இதுவும் வரமாட்டேன் என்கிறது என்று சத்தமாக அலுத்துக்கொண்டான். இத்தனை வருஷம் தன்னைக் கரைத்துக் கரைத்து ஊரோடு ஒட்டிவந்தவன், ஒரே காலையில் மறுபடியும் அந்நியனாகிவிட்டான். அன்றிலிருந்து, ஒட்டரிசிச் சோற்றை வாயில் அடக்கிக்கொண்டு, எருமைக் கொட்டிலில் நின்று ஹூவன், ஹுவா, ஹாவ் என்று சொல்லிப் பழகினான். எருமைகள் அவனைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன.

அவனுக்கும் புவாவுக்கும் ஒரே மகள். அவன் அம்மா பெயரையே அவளுக்கு வைத்திருந்தான், ராக்காயி என்று. ஊருக்கு அந்தப் பெயர் விநோதமாக இருந்தாலும் வாய்க்குச் சுலபமாக இருந்தது. பால்பற்கள் விழுந்து புதுப்பல் முளைத்துக்கொண்டிருந்த வயசு, எந்நேரமும் ஆற்றில்தான் கிடப்பாள். ரகரம் போவதற்குச் சில நாட்கள் முன்னால், பாறைமேல் கால் வழுக்கி மடுவில் விழுந்து, தண்ணீர் குடித்துவிட்டாள், வலைவீசிக்கொண்டிருந்தவர்கள் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார்கள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் அந்த ஊரில் பிழைத்தால் மட்டும் போதாது. மனித உடம்பில் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு குவான் உண்டு, உயிரின் துணுக்கு என்று வைத்துக்கொள்ளலாம். பயந்தால் அதில் ஒன்று வெளியே குதித்துவிடும், பயந்த இடத்திலேயே நின்றுவிடும். அதற்குப் பிறந்த அன்று முதன்முதலாகப் பெயர் சொன்னவர் யாரோ, அவர்தான் போய்க் கூப்பிட வேண்டும். கூடையில் அவித்த முட்டையும் சோறும் வைத்துக்கொண்டு, பயந்த இடத்தில் நின்று, ஊருக்கே கேட்கும்படி பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். பிறகு திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்து, ஏணியின் அடியில் நின்று, வந்துட்டியா என்று கேட்க வேண்டும். மேலே, கால்மரங்கள்மேல் நிற்கிற வீட்டுக்குள்ளிருந்து, அந்தப் பெயருக்குரிய உடம்பே, வந்துட்டேன் என்று பதில் சொல்லும். சொன்னதும் குவான் ஏணியில் ஏறி உள்ளே போய்விடும், மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டிவிடுவார்கள்.

ராக்காயிக்கு வளர்பிறையில் கூப்பிடலாம் என்று வைத்திருந்தார்கள். அதற்குள் ரகரம் போய்விட்டது, திருநாளும் வந்துவிட்டது. புவா கணவனிடம், முதலில் பிள்ளையின் குவானைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டு, அப்புறம் அவளுக்குப் புதுப்பெயர் சொல்லலாம் என்றாள். சேவுகன் அதற்கு ஆயிரம் சாக்குச் சொன்னான். நாற்றங்கால் வேலை கிடக்கிறது என்றான், ஆறு கலங்கலாக இருக்கிறது என்றான். உண்மை என்னவென்றால், கூப்பிடுவது ஊருக்கே கேட்க வேண்டும். கேட்டால் அவன் நாக்கில் இருப்பது ஊருக்கே தெரிந்துவிடும். அதற்குப் பயந்துதான் தள்ளிப்போட்டான். பெற்ற மகளைவிட ஊரின் பேச்சு பெரிதாகப் போயிற்றா என்று கேட்டால், அந்த நேரத்தில் ஆமாம், அப்படித்தான் இருந்தது.

திருநாள் அன்று ஊர் மணத்தது. சாராயமும் பழுத்த வாழையும் புகையுமாக, ஒவ்வொரு வீட்டு முன்னாலும் குடும்பம் குடும்பமாக நின்று வீட்டுக்குப் புதுப்பெயர் சொன்னார்கள், கதவுகள் பெருமூச்சு விட்டுத் திறந்தன. படகுகள் பெயரைக் கேட்டுக்கொண்டு லேசாகத் தலையாட்டின. சேவுகனும் சொன்னான், மற்ற எவரையும்விடத் தெளிவாக, மூச்சு நெஞ்சிலிருந்து வரும்படி சொன்னான். பக்கத்து வீட்டுக்காரர் நல்லாச் சொன்னே மாப்ளே என்று முதுகில் தட்டினார், அந்தத் தட்டில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியாக மனிதர்கள் முறை வந்தது. பெயரில் அந்த ஒலி உள்ளவர்களுக்கு எல்லாம் பெயர் வைத்தவர்களே நூல் கட்டிப் புதுப்பெயர் சொன்னார்கள், அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். சேவுகன் மகளின் மணிக்கட்டில் நூலைக் கட்டி, இனிமே உன் பேரு ஹாக்காயி என்றான். ஹாக்காயி என்று அவளும் சொன்னாள். புவா மட்டும் ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே போயிருந்த குவான்களுக்கு யார் சொல்வது என்று அன்றைக்கு ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வீட்டுக்குச் சொன்னார்கள், உலக்கைக்குச் சொன்னார்கள், வெளியே இருந்ததை விட்டுவிட்டார்கள். பொருள் என்றால் கண்முன்னால் இருக்கும், போனது கண்முன்னால் இருக்காது, அவ்வளவுதான் காரணம்.

நடவு முடிந்து மழை பிடித்துக்கொண்டபோது ஹாக்காயி மெலியத் தொடங்கினாள். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. கூப்பிட்டால் கொஞ்சம் கழித்துத் திரும்பினாள். மழையில் நின்றால் தலைமுடி நனைவதில்லை. சோற்றைப் பிசைந்து உருட்டி வாய்வரை கொண்டுபோய், எதற்கு என்று மறந்தவளாகக் கையிலேயே வைத்திருந்தாள். சேவுகன் முட்டையும் சோறும் எடுத்துக்கொண்டு மடுவுக்குப் போய், ஊர் கேட்க, ஹாக்காயி வா, ஹாக்காயி வா என்று கூப்பிட்டான். ஊரும் கரையில் நின்று சேர்ந்து கூப்பிட்டது. மடுவில் ஒரு சின்னச் சுழல் இருந்தது. அது தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருந்தது, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்கிற மாதிரி. தலைவர் பெங்தான் முதலில் புரிந்துகொண்டு நெற்றியில் கையை வைத்தார். அங்கிருந்தவள் ராக்காயி. ஹாக்காயி என்று ஒருத்தியை அவளுக்குத் தெரியாது.

ஊர் அதையும் ஏற்றுப் பழகிக்கொண்டது. இப்படி இன்னும் சிலர் இருப்பதும் தெரியவந்தது. உப்பு வாங்கச் சந்தைக்குப் போன வழியில் பயந்து ஒரு குவானை விட்டுவிட்டு வந்த ஒருவனுக்குச் சிரிப்பு வராமல் போயிருந்தது, ஒரு பெண் சூடு தெரியாமல் கொதிக்கிற பானையைக் கையால் தூக்கினாள். அவர்கள் எல்லாம் நடமாடிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒன்று குறைந்தால் என்ன, எத்தனையோ பேர் குறையோடுதானே காலந்தள்ளுகிறார்கள் என்று புவாவுக்கு ஆறுதல் சொல்ல வந்தவர்கள் சொன்னார்கள். கோழி கொண்டுவந்தார்கள், இஞ்சி கொண்டுவந்தார்கள். எல்லாரும் நல்லவர்கள், அதுதான் கொடுமை. பெரியவர்களுக்கு ஒன்று குறைந்தால் தாங்கும். பிள்ளைக்குத் தாங்காது என்பது அவர்களுக்கும் தெரியும், சொல்லத்தான் மனசு வரவில்லை.

ஒரு பகல்பொழுது, மகள் தூங்கிக்கொண்டிருக்கையில், சேவுகன் புவாவின் முன்னால் உட்கார்ந்து, ரகரம் தன் நாக்கில் இன்னும் இருக்கிற விஷயத்தை உடைத்தான். அவள் நூல் நூற்றுக்கொண்டே கேட்டாள், கையை நிறுத்தவில்லை.

"தெரியும்," என்றாள். "தூக்கத்துல நீங்க உங்க ஆத்தாளைக் கூப்பிடுறப்ப அது வருது. நீங்களாச் சொல்வீகன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

தலைவரிடம் போய்ச் சொன்னபோது அவர் புகையிலையைத் துப்பினார். கோபப்படவில்லை. அவருக்கு இருந்த பயம் வேறு. பழைய ஒலியில் ஊருக்குக் கேட்கக் கூப்பிட்டால், இப்போதுதான் பெயர் பழகிய படகுகளும் வீடுகளும் தங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து போய்விடும். வீடே எழுந்து ஆற்றைப் பார்க்க நடந்தால் மழைக்காலத்தில் பிள்ளைகுட்டிகள் எங்கே ஒதுங்கும் என்றார். ஊர் கூடிப் பேசியது. கடைசியில் எல்லாரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். சேவுகன் கூப்பிடப் போகிற காலையில், ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் வேலைக்குப் போகாமல் நின்றார்கள். கதவுகளின்மேல் கம்பளி போர்த்தினார்கள். படகுகளைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து தட்டிக்கொடுத்தார்கள். ஆண்களும் பெண்களும் தங்கள் வீட்டுக் கால்மரத்தை ஆளுக்கொன்றாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள், இடிக்கு மிரளுகிற மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப்போல. "போய்க் கூப்பிடு மாப்ளே," என்றார் தலைவர், தன் வீட்டுக் காலைக் கட்டிக்கொண்டே. "நாங்க பிடிச்சுக்கிறோம்."

சேவுகன் மடுவின் கரையில் நின்று கூப்பிட்டான்.

"ராக்காயி! வாம்மா. வீட்டுக்குப் போவோம், வா."

ஊர் ஒருமுறை நடுங்கியது. கூரைகள் முனகின, கவிழ்த்த படகுகள் மணலைச் சுரண்டின, பிடித்தவர்கள் விடவில்லை. மடுவில் சுழல் நின்றது. தண்ணீரிலிருந்து மணலில் ஒரு சின்ன ஈரத் தடம் விழுந்தது, பிறகு இன்னொன்று. சேவுகன் திரும்பிக்கொண்டு நடந்தான். பின்னால் ஈரக் காலின் சத்தம் வந்தது, ஓடி வந்து, நின்று, மறுபடி ஓடி வருகிற அவள் நடை. அவன் அழுதுகொண்டே நடந்தான், கண்ணைத் துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை, கூடை கவிழ்ந்துவிடும் என்று பயம். ஏணியின் அடியில் வந்து நின்று மேலே பார்த்து, முறைப்படி கேட்டான்.

"ராக்காயி, வந்துட்டியா?"

மேலே பதில் இல்லை. புவா மகளை மடியில் சாய்த்து வாசலருகே வைத்திருந்தாள். பிள்ளை அங்கும் இங்கும் பார்த்தாள், அப்பா வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று எட்டிக் கீழே பார்த்தாள்.

"அப்பா, அது யாருப்பா?"

சேவுகன் இன்னொரு தடவை கேட்டான். கேட்கக் கேட்க அவள் முகத்தில் ஒன்றும் வரவில்லை. அந்த ஒலி அவள் காதுக்குள்ளேயே போகவில்லை, காதுக்கு வெளியே நின்றுவிட்டது. அவன் புதுப்பெயரில் கேட்டான், ஹாக்காயி வந்துட்டியா என்று. உடனே, வந்துட்டேன் என்றாள், பலவீனமாக, ஆனால் சந்தோஷமாக. கீழே ஈரத் தடங்கள் அசையவில்லை. கேட்டது ராக்காயியை இல்லையே. ஹகரம் அதற்கு யாரோ விட்ட மூச்சு, காற்று. உனக்கும் இதுதான் இனிமேல் பெயர் என்று அதனிடம் சொல்லிப் பார்த்தான். புதுப்பெயர் சொல்ல மணிக்கட்டில் நூல் கட்ட வேண்டும், வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும், அதற்கு மணிக்கட்டும் இல்லை வாயும் இல்லை, அதெல்லாம் மேலே இருந்தது. ஒரு பெயரைச் சொன்னால் மேலே இருப்பது அசையும், இன்னொன்றைச் சொன்னால் கீழே இருப்பது அசையும். நடுவில் ஓர் ஏணி. கால்மரங்களைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் கை மரத்துப்போகும்வரை பிடித்துக்கொண்டிருந்தார்கள், பிறகு ஒவ்வொருவராக விட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள்.

இனி ஒரே வழிதான் இருந்தது. மேலே இருப்பவளுக்குப் பழைய பெயரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதை அவள் வாயால் சொல்ல வேண்டும். சேவுகன் மகளின் பக்கத்தில் உட்கார்ந்து ரகரம் சொல்லிக்கொடுத்தான். நாக்கு நுனியை மேலே தூக்கு, பல்லுக்குப் பின்னால் வை, லேசாக உதற விடு என்றான். தன் வாயைத் திறந்து காட்டினான். அவள் விரலை விட்டு அவன் நாக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கூசுது என்று சிரித்தாள். முதல் சில நாட்கள் அது விளையாட்டாக இருந்தது. ஹா என்பாள், இல்லை என்பான், மறுபடி ஹா என்பாள். ஒவ்வொரு ஹாவுக்கும் அவள் நெஞ்சிலிருந்து கொஞ்சம் மூச்சு போனது, மீதி மூச்சு குறைந்துகொண்டே வந்தது. போதும் என்று புவா சொன்னாள். இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரே ஒரு தடவை என்று அவன் கெஞ்சினான். கீழே ஏணியடியில் தடங்கள் காயாமல் இருந்தன, விரல்கள் ஏணியைப் பார்த்தபடி.

"அப்படி இல்லம்மா. ரா. ரா."

"ஹா."

"நான் சொல்றதைக் கேளு. ரா."

"அதைத்தானேப்பா நானும் சொல்றேன்," என்றாள் பிள்ளை. இத்தனை நாளும் ஒரு தவறும் செய்யாமல் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம், அப்பா ஏன் திருப்தியடையவில்லை என்று அவளுக்கு ஏக்கமாக இருந்தது. அவன் அதற்குமேல் சொல்லிக்கொடுக்கவில்லை. சரியாச் சொல்லிட்டே, நல்லாச் சொன்னே என்று தலையைத் தடவினான். அந்த மழை விடுவதற்குள் அவள் போய்விட்டாள்.

ஊர் கூடி எடுத்துப்போய் எரித்தது. பெட்டி செய்தவர்கள், விறகு வெட்டியவர்கள், சோறு பொங்கியவர்கள் என்று எல்லாரும் அவரவர் பங்கைச் செய்தார்கள், புவாவை மாற்றி மாற்றித் தாங்கிக்கொண்டார்கள். சாம்பல் அள்ளிய பிறகு ஒரு கடமை பாக்கி இருந்தது. குவான்களுக்கு உடம்பு போனது தெரியாது, வீட்டையே சுற்றிக்கொண்டிருக்கும். பெயர் வைத்தவரே பெயரைச் சொல்லி, இனி இங்கே காத்திருக்க ஒன்றுமில்லை, முன்னோர்களிடம் போய்விடு என்று அனுப்பிவைக்க வேண்டும். சொல்லாவிட்டால் அவை நின்ற இடத்திலேயே நிற்கும், காலத்துக்கும் நிற்கும். சேவுகன் வீட்டுக்குள் நின்று, ஹாக்காயி, போயிட்டு வாம்மா என்றான். அடுப்பங்கரையிலும் பாயிலும் ஜன்னலிலும் இருந்தவை ஒவ்வொன்றாகக் கூரை வழியே போனதை வீட்டில் இருந்த எல்லாரும் உணர்ந்தார்கள், வீடு லேசானது. பிறகு, கீழே இருப்பதற்கும் சொல்லிவிட்டு வருகிறேன் என்று ஏணியில் இறங்கினான்.

தடங்கள் அங்கேயே இருந்தன. அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். மேலே யாரும் இல்லையம்மா, பதில் சொல்ல ஆள் இல்லை, நீ காத்திருக்காதே என்று சொல்ல வேண்டும். முதலில் பெயரைச் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தான்.

ஹாக்காயி என்று வந்தது.

திடுக்கிட்டு மறுபடியும் சொன்னான். நாக்கு நுனியைத் தூக்கினான், பல்லுக்குப் பின்னால் வைத்தான், மகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஒவ்வொன்றையும் செய்தான். மூச்சுதான் வந்தது. தன் அம்மாவை நினைத்து அவள் பெயரைச் சொன்னான், அதுவும் ஹாக்காயி. ராமநாதபுரம் என்று சொல்ல முயன்றான், வரவில்லை. கொட்டிலில் எருமைகளை அதட்டிப் பார்த்தான், அவை யாரோ என்று நின்றன. அவன் நாக்கில் இருந்த ரகரம் எப்போது எழுந்து போனது என்று அவனுக்குத் தெரியவில்லை. சுடுகாட்டிலா, மகளின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதா, எந்த நாயும் கூடப் போகாமல், யாரும் வழிவிடாமல் போயிருந்தது.

துக்கம் கேட்க வந்துகொண்டிருந்த தலைவர் பெங், வேலிக்கு அப்பால் நின்று கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வந்து அவன் தோளில் கைவைத்தார். மாப்ளே என்று கூப்பிடவில்லை. "இப்பத்தான் எங்களை மாதிரியே பேசுறே, தம்பி," என்றார், ஒரு மனிதனுக்குத் தரக்கூடிய நல்லதில் ஒன்றைத் தருகிற குரலில். சேவுகன் எத்தனையோ வருஷம் ஏங்கிக்கிடந்தது அந்த வார்த்தைக்குத்தான்.

மேலேயிருந்து புவா, சொல்லியாச்சா என்று கேட்டாள்.

"சொல்லியாச்சு," என்றான் சேவுகன்.

தடங்களை மிதித்துவிடாமல் சுற்றிக்கொண்டு ஏணியில் ஏறி, உள்ளே போனான்.